ஸ்கேலைத் தின்ற ரப்பர்

போன மாதம் என் தங்கை மகள் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கோடை விடுமுறை முழுக்கத் திறக்காமல் அலமாரியில் கிடந்த பெட்டி. உள்ளே வெள்ளை ரப்பரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிப்போயிருந்தன. பிய்த்து எடுத்துப் பார்த்தால் ஸ்கேலில் ரப்பர் கிடந்த இடம் மட்டும் பள்ளம் விழுந்து பிசுபிசுவென்று இருக்கிறது, ஏழிலிருந்து பத்து வரை எண்களையே காணோம். "மாமா, ரப்பர் ஸ்கேலைத் தின்னுடுச்சு" என்றாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த விஷயத்தை இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெயிலில் உருகியிருக்கும் என்றாள் என் தங்கை. பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்த ஸ்கேல் பாலிஸ்டைரீன், அது இளகத் தொடங்கவே 100 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும், எங்கள் வீட்டு அலமாரி அவ்வளவு சுடாது. நடந்தது வேறு. துகள் உதிராமல் அழிக்கும் வெள்ளை ரப்பர்களில் பலவற்றில் ரப்பர் மரத்துப் பால் துளிகூடக் கிடையாது, அது பி.வி.சி. பி.வி.சி. தன் இயல்பில் கட்டை போன்றது. வீட்டில் தண்ணீர்க் குழாய் போடுகிறோமே, அதே பொருள்தான். அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். இரண்டு மாதம் ஸ்கேலின்மேல் சாய்ந்து கிடந்த ரப்பரிலிருந்து அந்தத் திரவம் மெல்ல ஊர்ந்து ஸ்கேலுக்குள் இறங்கியிருக்கிறது. அது இறங்கிய இடத்தில் ஸ்கேலும் இளகிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என் வாழ்க்கையில் ஒன்பது வருடத்தைப் பிடித்துக்கொண்ட விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்பத்தூர் பக்கம் பி.வி.சி. காம்பவுண்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கேபிள் இழுப்பவர்களுக்கும், தோட்டத்து ஓஸ் போடுபவர்களுக்கும், செருப்பு வார்ப்பவர்களுக்கும் மூலப்பொருளைக் குருணையாக்கி மூட்டையில் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. ரெசின் என்கிற வெள்ளை மாவு மூட்டையில் வரும். "ஆயில்" பேரலில் வரும். ஆயில் என்றால் டி.ஓ.பி. தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், டை ஆக்டைல் தாலேட். ஆய்வுக் கட்டுரைகளில் அதையே டி.இ.எச்.பி. என்று எழுதுவார்கள், டை 2-எத்தில்ஹெக்சில் தாலேட். இரண்டும் நடைமுறையில் ஒன்றுதான். நிறமில்லாத, வாசனையே இல்லை என்று சொல்லத்தக்க, நல்லெண்ணெயைவிடச் சற்றுக் கெட்டியான திரவம். 380 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அதனால்தான் அது சீக்கிரம் ஆவியாகிப் போய்விடாமல் பிளாஸ்டிக்குக்குள் வருடக்கணக்கில் தங்குகிறது.

எனக்குப் பிடித்த வேலை மிக்ஸர் ஓட்டுவது. நூறு கிலோ ரெசினைக் கொட்டி, சுற்றவிட்டு, மேலிருந்து ஐம்பது கிலோ ஆயிலை மெல்ல ஊற்றுவோம். நூறுக்கு ஐம்பது என்பதை 50 பி.எச்.ஆர். என்று குறிப்போம், நூறு பங்கு ரெசினுக்கு இத்தனை பங்கு என்று பொருள். முதலில் பார்க்கையில் நம்பவே முடியாது. மாவின் எடையில் பாதி எண்ணெய், களியாகிவிடாதா? ஆகாது. மிக்ஸர் உராய்விலேயே சூடேறும், 80, 90 டிகிரி வந்ததும் மாவு எண்ணெயைக் குடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு மணியும் உள்ளே பஞ்சு போலத் துளைத் துளையாக இருக்கும், அத்தனை துளையிலும் எண்ணெய் ஏறிவிடும். 110 தாண்டித் திறந்தால் உதிரி உதிரியாக, கையில் எடுத்தால் புட்டு மாவு போல, பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். ஐம்பது கிலோ எண்ணெய் எங்கே போனது என்று தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் அண்ணன் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "எண்ணெய் தெரியுதா பார்" என்று கேட்டார். தெரியவில்லை. "தெரியாது. ஆனா உள்ளதான் இருக்கு, எப்பவும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரியில்தான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நாங்கள் யாரும் கையுறை போட்டதில்லை. சரக்கை உருக்கிப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தின் வாயில் 170 டிகிரியில் காம்பவுண்டு வெளியே வரும்போது லேசாகப் புகை எழும், அந்தப் புகையிலேயே நின்று டீ குடிப்போம். தரை எப்போதும் வழுக்கும், உமி தூவி வைப்போம். இதில் ஆபத்து இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டி.ஓ.பி. விலை ஏறும் மாதங்களில் முதலாளி அதில் ஒரு பங்கைக் குறைத்துக் குளோரினேட்டட் பாரஃபின் என்ற மலிவான எண்ணெயைக் கலக்கச் சொல்வார், சுண்ணாம்புப் பொடியையும் கூட்டுவார். அப்படிச் செய்த சரக்கு சில சமயம் "வேர்த்துவிடும்". பி.வி.சி. தாங்குகிற அளவுக்கு மேல் ஏறிய எண்ணெய் மேலே கசிந்து பிசுக்காக நிற்கும். ஓஸ் கம்பெனிக்காரர் சுருளோடு வந்து சண்டை போடுவார். எனக்கு அவமானமாக இருக்கும். ஏனென்றால் அவர் சொல்வது சரி.

சரி, இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? தாலேட் என்ற பெயரே நமக்குப் பழக்கமான ஒரு பொருளிலிருந்து பிறந்தது. துணி அலமாரியில் போடும் ரசகற்பூர உருண்டை, அதாவது நாஃப்தலீன். 1836இல் ஒகூஸ்த் லோரான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நாஃப்தலீனிலிருந்து ஓர் அமிலம் எடுத்தார், அதன் பெயர் சுருங்கித் தாலிக் அமிலம் ஆனது. பிற்காலத்தில் நாஃப்தலீனின் இடத்தைப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆர்த்தோ சைலீன் பிடித்துக்கொண்டது. அதன் ஆவியைக் காற்றோடு சேர்த்து வெனடியம் பென்டாக்சைடு வினையூக்கியின்மேல் செலுத்தினால் தாலிக் அன்ஹைட்ரைடு கிடைக்கும், வெள்ளைச் செதில்கள். நம் ராணிப்பேட்டையில் திருமலை கெமிக்கல்ஸ் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். அந்தச் செதிலோடு 2-எத்தில்ஹெக்சனால் என்ற எட்டுக் கார்பன் ஆல்கஹாலைச் சேர்த்துச் சூடாக்கினால், ஒரு மூலக்கூறு அன்ஹைட்ரைடோடு இரண்டு மூலக்கூறு ஆல்கஹால் சேர்ந்து, தண்ணீர் பிரிந்து போக, டி.ஓ.பி. நிற்கும். ரெசின்கூடத் தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. மேட்டூரில் கெம்பிளாஸ்ட் 1967 முதல் பி.வி.சி. செய்கிறது, கடலூரிலும் 2009இல் ஆலை தொடங்கினார்கள்.

தாலேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக்கை இளக்கியது எது தெரியுமா? கற்பூரம். உண்மையான கற்பூரம்தான், நாம் சாமிக்கு ஏற்றுவது. 1870வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் நைட்ரோ செல்லுலோசோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செல்லுலாய்டு செய்தார். சீப்பு, பொம்மை, பிங்பாங் பந்து, அப்புறம் சினிமா பிலிம் எல்லாம் அதிலிருந்து வந்தன. கற்பூரம் இல்லாவிட்டால் நைட்ரோ செல்லுலோஸ் மொறமொறவென்று உடையும். ஆனால் பூஜை அறையில் கற்பூர டப்பாவில் மிளகு போட்டு வைக்கும் எல்லோருக்கும் தெரியும், கற்பூரம் நிற்காது, பறந்துவிடும். பழைய செல்லுலாய்டு பிலிம் வருடங்கள் போகப்போகச் சுருங்கி வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பறந்து போகாத ஒன்று வேண்டும் என்ற தேடலில்தான் 1920களில் தாலேட்டுகள் உள்ளே வந்தன.

பி.வி.சி.யின் கதையில் வரும் ஆள் வால்டோ செமோன். அமெரிக்காவில் ஏக்ரன் நகரத்தில் பி.எஃப். குட்ரிச் ரப்பர் கம்பெனி வேதியியலாளர். 1926இல் அவர் தேடியது உலோகத்தோடு ரப்பரை ஒட்டும் பசை. அன்றைக்கு யாருக்கும் பயன்படாது என்று ஒதுக்கி வைத்திருந்த பி.வி.சி.யை எடுத்து, அதிகச் சூட்டில் கொதிக்கும் திரவங்களில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். ஆறியதும் பசை கிடைக்கவில்லை, ரப்பர் போல வளைந்து துள்ளும் ஒரு ஜெல்லி கிடைத்தது. மேலதிகாரிக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று, அந்தப் பிளாஸ்டிக் பூசிய துணியை அவர் மேஜைக் காகிதங்கள்மேல் விரித்து அதன்மேல் தண்ணீரைக் கொட்டிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. மழைக்கோட்டு, ரெக்சின், கம்பிமேல் உறை, தரை விரிப்பு என்று எல்லாம் அந்த ஜெல்லியிலிருந்து கிளைத்தவை. செமோன் நூறு வயது வாழ்ந்து 1999இல் இறந்தார். அவர் கண்டது எவ்வளவு தூரம் போனது, எங்கெல்லாம் நுழைந்தது என்பதை அவரே பார்த்துவிட்டுத்தான் போனார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் இருக்கிறது. பி.வி.சி. நீள நீளமான சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் குளோரின் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றால் ஒரு சங்கிலி மற்றொன்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிதான் விறைப்பு. 80 டிகிரிக்குக் கீழே அது அசையாது. சேமியாவை வெறுமனே வேகவைத்து ஆறவிட்டால் கட்டியாகிப் போகும், ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் இழை இழையாக வழுக்கும் இல்லையா, டி.ஓ.பி. செய்வது ஏறக்குறைய அதுதான். அதன் மூலக்கூறின் நடுவே இருக்கும் கார்பன் வளையமும், அதை வால்களோடு இணைக்கும் எஸ்டர் பகுதியும் பி.வி.சி.யோடு ஒட்டி நிற்க, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் எட்டுக் கார்பன் வால்கள் சங்கிலிகளைத் தள்ளி வைக்கின்றன. சங்கிலிகள் வழுக்குகின்றன, பொருள் வளைகிறது.

ஆனால் டி.ஓ.பி.க்கும் பி.வி.சி.க்கும் இடையே வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. அது அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறது. சூடு பட்டாலும் எண்ணெய் பட்டாலும் வருடங்கள் ஓடினாலும் கிளம்பிவிடும். தண்ணீரில் அது கரைய மாட்டேன் என்கிறது, கொழுப்பில் ஆசையாகக் கரைகிறது. பழைய ஸ்கூட்டர் சீட் ரெக்சின் வெடித்துப் போகிறதே, அது எண்ணெய் போன வீடு. புதுக் காரை வெயிலில் நிறுத்தினால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மங்கல் படலம் படிகிறதே, அதில் இந்த எண்ணெயும் உண்டு. ஜாமெட்ரி பாக்ஸில் நடந்ததும் இடமாற்றம்தான், ரப்பரிலிருந்து ஸ்கேலுக்கு.

இப்போது ஆஸ்பத்திரி விஷயம்.

ஸ்கேல் பறிகொடுத்த இதே பெண் பதினோரு வருடத்துக்கு முன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் ஒரு குழாய், வாய்வழியே வயிற்றுக்கு ஒரு குழாய், தொப்புளில் ஒன்று. தங்கை மாடியில் படுக்கையில் இருந்தாள், அவள் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார், அதனால் முதல் மூன்று நாள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றது நான்தான். நான் குழந்தையைப் பார்த்ததைவிடக் குழாய்களைப் பார்த்ததுதான் அதிகம். குழந்தையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழாய்கள் எனக்குத் தெரிந்தவை. தெளிவாக, ஒளி புகும்படி, சுண்டினால் மெதுவாகத் திரும்பும் பி.வி.சி., எத்தனை பி.எச்.ஆர். இருக்கும் என்று என்னால் கண்ணாலேயே சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் நர்ஸம்மா பால் குழாயை மாற்றினார். எடுத்த குழாயை டிரேயில் வைத்தார், அது வளைந்தபடியே விறைத்து நின்றது. புதிது உறையிலிருந்து வரும்போது துவண்டு தொங்கியது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "உள்ள இருக்க இருக்க இது கெட்டியாயிடும் சார், குழந்தைக்குக் குத்தும், அதான் மூணு நாளைக்கு ஒரு தடவை" என்றார். அவர் வேலையை மிகச் சரியாகத்தான் செய்தார், அவர் மேல் எனக்கு இன்றுவரை நன்றி. ஆனால் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. குழாய் விறைத்தது என்றால் எண்ணெய் வெளியே போயிருக்கிறது. தாய்ப்பால் கொழுப்புள்ள திரவம். 37 டிகிரி உடம்புச் சூடு. மூன்று நாள். போன எண்ணெய் எங்கே போயிருக்கும் என்பதை அந்த அறையில் நான் ஒருவன்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அண்ணன் சொன்னது காதில் கேட்டது, தெரியாது, ஆனா உள்ளதான் இருக்கு.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் படிக்க ஆரம்பித்தேன். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002லேயே இதைப் பற்றி ஓர் அறிவிப்பு கொடுத்திருக்கிறது. டி.இ.எச்.பி. உள்ள பி.வி.சி. கருவிகளால் அதிகம் கவலைப்பட வேண்டியது பச்சிளம் ஆண் குழந்தைகளைப் பற்றி, வேறு பொருளில் செய்த கருவி இருந்தால் அதைப் பயன்படுத்தப் பாருங்கள் என்று சொன்னது. கூடவே, தேவையான சிகிச்சையை இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், சிகிச்சை செய்யாமல் விடுவதில்தான் அதிக ஆபத்து என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கள் குழந்தை பெண். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பையன் இருந்தான், அவனுக்கும் அதே குழாய்கள். அவன் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சில் தூங்கினோம். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிப்பதுண்டு, ஆனால் அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு அதை வைத்து என்ன செய்ய முடிந்திருக்கும்?

ஐந்தாம் நாள் எங்கள் குழந்தைக்கு ரத்தம் ஏற்றினார்கள். வெறும் 15 மில்லி. அந்தப் பையும் அதே பி.வி.சி.தான், எடையில் முப்பது சதவீதத்துக்கு மேல் டி.இ.எச்.பி. நான் பயந்து போய் இதையும் படித்தேன், இங்கேதான் என் கணக்கு எல்லாம் தலைகீழாகப் போனது.

1950க்கு முன்னால் ரத்தம் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. உடையும், சரியாகக் கழுவாவிட்டால் காய்ச்சல் வரும், ரத்தம் இறங்க பாட்டிலுக்குள் காற்று விட வேண்டும், அந்தக் காற்று நரம்புக்குள் போனால் ஆள் இறந்துவிடலாம். கார்ல் வால்டர் என்ற அறுவை மருத்துவரும் வில்லியம் மர்ஃபியும் 1950இல் பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார்கள். அதை அப்படியே சுழலியில் வைத்துச் சுற்றிச் சிவப்பணு தனி, பிளாஸ்மா தனி என்று மூடிய குழாய்வழியே பிரிக்கலாம். ஒருவர் கொடுத்த ரத்தம் இரண்டு மூன்று பேருக்குப் போவது அந்தப் பையால்தான். 1970இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேகர், ரூபின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பையில் வைத்த ரத்தத்துக்குள் தாலேட் கலந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். அப்படியானால் பையை மாற்றிவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். மாற்றிப் பார்த்தார்கள், சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்தன. கசிந்து வந்த டி.இ.எச்.பி. சிவப்பணுவின் சவ்வுக்குள் போய் உட்கார்ந்து அதை உடையாமல் காக்கிறது! 42 நாள் வரை சிவப்பணுவைக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடிவதில் யாரும் திட்டமிடாத இந்தக் கசிவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் என்று சொல்ல முடியாது, ஒரு பெரிய தெளிவு வந்தது. ஒரே பொருள், பால் குழாயில் அதன் கசிவுக்கு எந்த லாபமும் இல்லை, ரத்தப் பையில் அது உயிர் காக்கிறது. தட்டணுக்களுக்கு டி.இ.எச்.பி. தேவையில்லை, அவை மூச்சுவிடக் காற்று உள்ளே போகும் பை வேண்டும், அதனால் அவற்றின் பைகளில் சிட்ரேட் வகை, டிரைமெல்லிடேட் வகை எண்ணெய்கள் வந்துவிட்டன. புற்றுநோய் மருந்து பாக்லிடாக்சலைக் கரைக்கும் திரவம் பி.வி.சி.யிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும், அதனால் அதற்கு பி.வி.சி. இல்லாத செட்டைத்தான் போட வேண்டும் என்று மருந்தின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. அதாவது எதை எது தொடுகிறது என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, எடுக்கவும் முடிகிறது. நம் பக்கத்திலும் இதைச் செய்யும் திறமை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் உருவான தொழில்நுட்பத்தை வைத்து பென்போல் என்ற கம்பெனி ரத்தப் பை செய்யத் தொடங்கியது 1980களில். இன்று அது டெருமோ பென்போல்.

இது உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: எலிகளில் தெளிவாகத் தெரிந்தது. கருவில் இருக்கும் ஆண் குட்டியில் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, ஆண் உறுப்புகள் சரியாக வளராமல் போகின்றன. மனிதர்களில் ஷான்னா ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2005இல், கர்ப்பிணிகளின் சிறுநீரில் தாலேட் கழிவுப்பொருட்கள் அதிகம் இருந்தால் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளின் உடலமைப்பில் சின்ன வேறுபாடு தெரிவதாக எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் டி.இ.எச்.பி.யை இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற வகையில் வைத்திருக்கிறது. ஒரு நல்ல செய்தி, இது ஈயம் மாதிரி எலும்பில் சேர்ந்து கிடக்காது. உடம்பு அதை உடைத்து ஓரிரு நாளிலேயே பெருமளவைச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆனால் தினமும் வந்துகொண்டே இருந்தால் தினமும் உள்ளே இருக்கத்தானே செய்யும். பெரியவர்களுக்கு அது வரும் முக்கிய வழி சாப்பாடு, அதிலும் கொழுப்புள்ள சாப்பாடு.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். கடையில் விற்கும் பெட்டிச் சாப்பாட்டில் டி.இ.எச்.பி. அளவு அதிகமாக இருந்தது, எங்கிருந்து என்று தேடினார்கள். சமையல்காரர்கள் போட்டிருந்த பி.வி.சி. கையுறை. சுத்தத்துக்காக அதன்மேல் ஆல்கஹால் தெளித்திருக்கிறார்கள், அது எண்ணெயை இன்னும் நன்றாகக் கழுவி இறக்கியிருக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று செய்த வேலை! உடனே உணவுக்கு அந்தக் கையுறை வேண்டாம் என்று ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. தைவானில் 2011இல் நடந்தது வேறு ரகம். பழச்சாற்றைக் கலங்கலாகக் காட்டப் பனை எண்ணெய் போட வேண்டிய இடத்தில் விலை குறைவு என்று நேரடியாகவே டி.இ.எச்.பி.யைக் கலந்தார்கள். பேரலில் நான் பார்த்த அதே ஆயிலைக் குழந்தைகள் குடித்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இது இருக்கிறது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பாதீர்கள். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் பெயரில் டெரெப்தாலேட் என்று வருவதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு வடிவம், அங்கே அது சங்கிலியின் பகுதியாகவே கோத்திருக்கிறது, வாடகைக்காரர் கிடையாது. பாலித்தீன் கவர் தானாகவே மெத்தென்றது, அதற்கு எண்ணெய் தேவையில்லை, பாலிப்ராப்பிலீன் டப்பாவும் அப்படித்தான். அதற்காகக் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குங்கள் என்று சொல்லவில்லை, அது வேறு கதை. ஊதுபத்தி வாசனையை நீர்க்கச் செய்ய டை எத்தில் தாலேட் சேர்ப்பது நம் நாட்டில் பரவலாக நடக்கிறது, அது சின்ன தாலேட், சுலபமாக ஆவியாகும், இதுவும் தனிக் கதை. நான் பேசுவது மெத்தென்ற பி.வி.சி. பற்றி.

மாற்று இருக்கிறது, அதுதான் எனக்கு ஆதங்கம். டி.ஓ.டி.பி. என்று ஒன்று, டி.ஓ.பி.யின் அதே அணுக்கள், அதே எட்டுக் கார்பன் வால்கள், ஆனால் இரண்டும் வளையத்தின் எதிரெதிர் மூலையில் நிற்கும். அந்த இடமாற்றம் ஒன்றாலேயே எலிகளில் காணும் அந்த ஹார்மோன் கோளாறு இதில் தெரியவில்லை. ஜெர்மன் ரசாயனக் கம்பெனி பி.ஏ.எஸ்.எஃப். 2002இல் கொண்டுவந்த டி.ஐ.என்.சி.எச். இன்னொன்று. சோயா எண்ணெயை எப்பாக்சி ஆக்கிச் சேர்ப்பதும் உண்டு. ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொம்மையில் டி.இ.எச்.பி.யை 0.1 சதவீதத்துக்குமேல் விடக் கூடாது என்றது, அமெரிக்கா 2008இல் அதையே செய்தது. ஓஸில் முப்பது சதவீதம் இருக்கும் ஒன்றுக்கு 0.1 சதவீதம் என்றால், சேர்க்கவே கூடாது என்றுதான் பொருள். மருத்துவக் கருவிகளுக்கு மட்டும் ஐரோப்பா 2030 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது, ரத்தப் பை விஷயத்தைப் பார்த்த பிறகு அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பால் குழாய்க்குப் பாலியூரித்தேனும் சிலிக்கோனும் இருக்கின்றன. விலை கூட. அந்த விலைக்காகத்தான் இன்னும் குறைமாதக் குழந்தைகளின் வயிற்றுக்குள் அந்தக் குழாய் போகிறது என்றால், அரசு கொள்முதலிலாவது என்.ஐ.சி.யூ.வுக்கு மட்டும் தனிப் பட்டியல் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. மொத்தத்தில் அது எவ்வளவு குழாய் வந்துவிடப் போகிறது?

வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஊறுகாய், எண்ணெய், நெய் எல்லாம் கண்ணாடியிலோ பீங்கானிலோதான். எண்ணெய் டின்னிலிருந்து இறக்க வைத்திருந்த தெளிவான பிளாஸ்டிக் டியூபைத் தூக்கிப் போட்டேன், அது பல வீடுகளில் இருக்கிறது, அது மெத்தென்ற பி.வி.சி., எண்ணெயும் அதுவும் சேரவே கூடாது. தோட்டத்து ஓஸ் அப்படியே இருக்கிறது, செடிக்குத்தானே. சாப்பாட்டு மேஜை விரிப்பின்மேல் சூடான சப்பாத்தியை வெறுமனே வைக்க விடுவதில்லை. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வாங்கும்போது அதைப் பார்த்தே வாங்குகிறேன், திருவிழாக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற வாத்து வேண்டாம் என்றால் தங்கை கோபப்படுகிறாள், படட்டும்.

மருமகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ரப்பருக்குள் எண்ணெய் இருக்கிறது, அது ஸ்கேலுக்குள் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். நம்பவில்லை. "எங்க, காட்டு" என்றாள். தூக்கிப் போட்டேன் என்று சொன்ன டியூப் உண்மையில் குப்பைக்குப் போகவில்லை, அதை எடுத்து மெல்லிய வளையங்களாக நறுக்கினோம். இரண்டு கண்ணாடிப் பாட்டில், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் நல்லெண்ணெய். இரண்டிலும் ஐந்தைந்து வளையம் போட்டு, காகிதம் ஒட்டித் தேதி எழுதினாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஜன்னல் ஓரம் போய்ப் பார்ப்பாள், ஒன்றும் தெரியவில்லை என்பாள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்றேன். நேற்றோடு ஒரு மாதம். தண்ணீரில் கிடந்த வளையத்தை அழுத்தினாள், அமுங்கி மீண்டது. எண்ணெயில் கிடந்ததைத் துடைத்துவிட்டு அழுத்தினாள், இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு எண்ணெய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இப்ப அது இதுக்குள்ள இருக்கா மாமா?" என்று கேட்டாள்.

இருக்கு என்றேன். பாட்டிலை மூடி, பேனா எடுத்து, ஒட்டிய காகிதத்தில் தேதிக்குக் கீழே "சமைக்கக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறாள்.